சாமத்திய வீட்டு வாசலில் நின்ற வெள்ளைப் பிள்ளை

அந்தச் சூப்பர் ஹீரோவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் சண்டை அவனைப் பற்றியதாகிவிடும். எனக்குச் சண்டை அவனோடு இல்லை, என் அண்ணனோடு.

அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். முருங்கைக்காய் எந்த விமானத்தில் வந்து இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். யார் வீட்டுப் பெடியன் யாரோடு திரிகிறான் என்பதும் தெரியும். போன வருடம் அவருக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் நாங்கள் இருவரும் படித்த காமிக்ஸ் புத்தகத்து வீரனை வைத்துப் பெரிய செலவில் படம் எடுத்திருந்தார்கள். புத்தகத்தில் அவன் வெள்ளைக்காரன். படத்தில் நடித்தவர் கறுப்பர். கடையில் களவு போனபோதுகூட அண்ணன் அப்படித் துடித்ததில்லை.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சாவு, பிறந்தநாள், கோயில் கொடியேற்றம், இவைதான் வழக்கமாக வரும். அண்ணன் அதில் ஒரு பெட்டிசனைப் போட்டார். இந்தப் படத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று எவனோ ஒருவன் தொடங்கியது. எல்லோரும் கையெழுத்து வையுங்கள் என்று கீழே அண்ணனின் குரல்பதிவு. ரொறன்ரோவில் இருக்கிற உறவினர் ஒருவர் கும்பிடுகிற கையைப் போட்டார். எது வந்தாலும் அவர் அதைத்தான் போடுவார். நான், "உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்று எழுதினேன். உடனே போன் அடித்தது.

"நீ பஸ் ஓடுற வேலையைப் பார். உனக்கு உது விளங்காது," என்றார் அண்ணன்.

ஆம், நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். சும்மா நிற்கிறவன், ஏறுகிறவன், இறங்குகிறவன் எல்லோரிடமும் திட்டு வாங்கிப் பழகியவள். ஆனால் இந்த விஷயம் எனக்கு விளங்காது என்று சொல்ல, உலகத்தில் கடைசியாக உரிமை உள்ள ஆள் என் அண்ணன்தான். ஏனென்றால் அந்த வெள்ளை வீரனின் நிறத்தை முதன்முதலில் மாற்றியவர் அவர்.

நாங்கள் பிள்ளைகளாக இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது ஒரு கடைக்கு மேலே இருந்த சின்ன ஃபிளாட்டில் இருந்தோம். பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பழைய சாமான் விற்பார்கள். அங்கே அட்டை கிழிந்த காமிக்ஸ் புத்தகங்களை அம்மா பையோடு அள்ளி வருவா. எங்களுக்கு ஆங்கிலம் வந்ததே அவற்றால்தான். அண்ணன் குளிக்கிற துவாயைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சோபாவின் கைப்பிடியிலிருந்து பாய்வார். அவர்தான் வீரன். நான் எப்போதும் கள்ளன். ஒருநாளாவது நான் துவாய் கட்டுகிறேன் என்று அழுதபோது, "நீ கறுப்பி. உனக்குக் கள்ளன்தான் பொருந்தும்," என்றார். புத்தகத்தில் கள்ளர்களும் வெள்ளைக்காரர்கள்தான். அண்ணனும் என்னைவிட ஒரு சொட்டுக்கூட வெளுப்பில்லை. இருவரும் ஒரே சட்டியில் கருகிய அப்பங்கள். இதெல்லாம் அந்த வீட்டில் யாருக்கும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

இன்னொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்குக் கூடுதலாகப் பற்றிக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைப் பெடியன்கள் அதே விளையாட்டை விளையாடினார்கள். அண்ணன் போய், தானும் அந்த வீரனாக வருகிறேன் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் அவருடைய நிறத்தைச் சொல்லிச் சிரித்து, சேற்றில் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து துவாயை எடுத்தார், கட்டவில்லை. அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். தெரியாமல் பேசுகிறவனை மன்னிக்கலாம். என் அண்ணனுக்குத் தெரியும்.

பெட்டிசன் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. அண்ணனின் மகள், என் ஒரே மருமகள், எனக்கு எதிரே இருந்து சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. எங்கள் நிறம், எங்கள் மூக்கு. அண்ணன் சோற்றைவிட அந்தப் படத்தைத்தான் அதிகம் மென்றார்.

"கதையில எப்பிடி இருக்கோ அப்பிடித்தான் எடுக்கவேணும். அவன் வெள்ளையன். அதை ஏன் மாத்துவான்?"

"மாத்தினால் உங்களுக்கு எங்க நோகுது?" என்றேன்.

"நாளைக்கு எங்கட சாமியளை வெள்ளையனை வைச்சு எடுத்தால் நீ சும்மா இருப்பியோ?"

"எழும்பிக் குசினிச் சுவரைப் பாருங்கோ அண்ணை," என்றேன். "உங்கட கடைக் கலண்டர் தொங்குது. முருகனுக்குப் பக்கத்தில நிக்கிற வள்ளியைப் பாருங்கோ. குறப்பெட்டை. வெயிலுக்க நிண்டு தினைக்குக் குருவி கலைச்சவள். அதில பாலுக்க ஊறப்போட்டு எடுத்த மாதிரி நிக்கிறாள். நீங்கள்தானே அச்சடிச்சுச் சனத்துக்குக் குடுத்தனீங்கள்? அதுக்கு எங்க பெட்டிசன்?"

"சாமியோட விளையாடாதை."

"நான் எங்க விளையாடினன்? வெள்ளையடிச்சது நீங்கள்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணி அவளை முறைத்துவிட்டு, "சொதி ஆறுது, சாப்பிடுங்கோ," என்றா. அண்ணி நல்லவதான். ஆனால் அந்தப் பிள்ளை குளிக்கப் போகும்போதெல்லாம் தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், பாதியாக வெட்டி, கறுப்புப் போக முழங்கையைத் தேய்த்துக் கழுவு என்று கையில் கொடுத்துவிடுவா. சின்ன வயதில் என் அம்மாவும் எனக்குக் கொடுத்தா. தேசிக்காய்தான் தேய்ந்தது.

அடுத்த சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. மருமகளை ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அந்தப் படத்தைக் காட்டினேன். அண்ணனிடம் கேட்கவில்லை. படம் ஒன்றும் பெரிய திறம் இல்லை. கடைசிப் பகுதி முழுக்கக் கட்டடங்கள் இடிந்துகொண்டே இருந்தன, எனக்குத் தலையிடி. எடுத்த கம்பனிக்கு எங்கள் மேல் பாசம் பொங்கி வழிகிறது என்றும் நான் நினைக்கவில்லை. எந்த நிறம் டிக்கெட் விற்குமோ அந்த நிறம் அவர்களுக்கு அழகு. ஆனால் பிள்ளை அசையாமல் பார்த்தாள். வாங்கிய சோளப்பொரி அப்படியே கிடந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் தன் சட்டைக் கையை மடித்து முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் பேசுவது ஆங்கிலம்தான், மாமி, அப்பா, அம்மா மட்டும் தமிழில் வரும். "மாமி, அவருக்கும் முழங்கை கறுப்பு. கவனிச்சீங்களா? அவர் அதை மறைக்கவே இல்லை," என்றாள். நான் கவனிக்கவில்லை. நானும் என் சட்டைக் கையை மடித்து என் முழங்கையை அவளுக்குக் காட்டினேன்.

அந்தக் கோடையில் அவள் பெரியபிள்ளையானாள். எங்கள் ஆட்கள் அதற்குச் சாமத்திய வீடு செய்வார்கள். ஊரில் வீட்டோடு செய்ததை லண்டனில் கல்யாணத்துக்கு ஒத்திகை மாதிரி ஆக்கிவிட்டார்கள். மண்டபம், மேடை, வீடியோ, மாடிக்கேக், வாசலில் பிள்ளையின் ஆளுயரப் படம், பிறகு தூக்க முடியாத ஆல்பம். பிள்ளைக்கு இது வேண்டுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. என் மருமகள் வேண்டாமென்று சொல்லவுமில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கேக்கின் உச்சியில் அந்தப் படத்து வீரன் நிற்கவேண்டும்.

"சாமத்திய வீட்டுக் கேக்கில கறுப்பன் நிக்கிறதோ?" என்றார் அண்ணன். "சனம் என்ன சொல்லும்?"

"அப்ப புத்தகத்தில இருக்கிற வெள்ளை ஆளை வைப்பமோ?" என்று கேட்டேன்.

அண்ணன் உண்மையாகவே யோசித்தார். "அது வேற கதை," என்றார்.

பிள்ளை எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். கேக்கில் கடைசியில் அன்னப்பறவை வந்தது. நல்ல வெள்ளை அன்னம்.

விழா நாள் காலையில் வீட்டில் சடங்கு. பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்தார்கள், தாய்மாமன் தேங்காய் உடைத்தார், தகப்பனின் சகோதரி என்ற முறையில் நான் தலைக்குத் தண்ணீர் வார்த்தேன். அந்தத் தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தபோது அவள் எவ்வளவு வடிவாக இருந்தாள் என்பதை நான் யாருக்கும் நிரூபிக்கத் தேவையில்லை. பிறகு அலங்காரம் செய்கிற பெண் வந்து அறைக் கதவைச் சாத்தினாள். கதவு திறந்தபோது சேலைக்கும் நகைக்கும் மேலே வேறொருத்தியின் முகம் இருந்தது. காதுக்குப் பின்னால்தான் என் மருமகளின் நிறம் மிச்சம். பிள்ளையை மண்டபத்துக்குக் கூட்டிவருவது என் பொறுப்பு. காரில் அவள் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை.

மண்டபம் இரண்டு தளம். கீழ்த்தளத்தில் இன்னொரு குடும்பத்தின் சாமத்திய வீடு, மேல்தளத்தில் எங்களுடையது. நாங்கள் படியேறி வந்தபோது அண்ணன் வாசலில் போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். பாரிஸிலிருந்து வந்த அண்ணியின் சித்தப்பாவைக் காணவில்லை. அவர்தான் அன்றைய பெரிய விருந்தாளி. மருமகள் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அவர் வீட்டில்தான் போய் நிற்பாள், அவர் தோளில் ஏறி வளர்ந்தவள்.

"சித்தப்பா, எங்க நிக்கிறியள்?"

"உள்ளுக்கதான் இருக்கிறன் மோனை. வடை திறம். உங்களைத்தான் ஒருத்தரையும் காணேல்லை," என்றது போன்.

பின்னால் வேறு யாரோ பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பது கேட்டது. மனிதன் கீழ்த்தளத்தில் அன்னியர் வீட்டுச் சாமத்தியத்தில் வசதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கூட்டிவர அண்ணி ஓடினா. அவர் ஏன் தவறினார் என்பது, வாசலில் நின்ற ஆளுயரப் படத்தைப் பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது.

முன்கூட்டியே ஸ்டூடியோவில் எடுத்த படம். சேலை எங்கள் சேலை. நகை எங்கள் நகை. முகமும் கையும் சுண்ணாம்பு. மூக்கைக்கூடக் கொஞ்சம் சீவியிருந்தார்கள். கீழ்த்தளத்து வாசலைக் கடந்து வரும்போது அங்கே நின்ற படத்தையும் பார்த்திருந்தேன், அதுவும் இதே சுண்ணாம்புதான். இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் சுரண்டி எடுத்துவிட்டு ஒரே பொம்மையை இரண்டு வாசலிலும் நிறுத்தியிருந்தார்கள். பெயர் ஆங்கிலத்தில் சுருள் சுருளாக எழுதியிருந்தது. எப்போதும் மூக்குக்கண்ணாடியை மறந்துவரும் சித்தப்பாவுக்கு அது வெறும் கோலம்.

மருமகள் படத்தின் முன்னால் நின்றாள். அழவில்லை. அவளுடைய ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: "மாமி, என்னுடைய வேஷத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்க."

பிறகு என் கைப்பையைப் பார்த்துக் கையை நீட்டினாள். பஸ் ஓட்டுகிறவளின் பையில் ஈரத்துடைப்பான் இல்லாமல் இருக்காது. இந்த நகரத்தின் அழுக்கை முழுக்க நான் அதால்தான் துடைக்கிறேன். படிக்கட்டிலேயே இருவரும் உட்கார்ந்தோம். நான் அவள் நெற்றியிலிருந்து தொடங்கினேன். வெள்ளை வெள்ளையாக வந்தது. கண்மை கரையாமல் கவனமாகத் துடைத்தேன்.

"என்ன செய்யிறாய் நீ? விசரே உனக்கு?" அண்ணன் ஓடி வந்தார். "வீடியோக்காரன் உள்ள நிக்கிறான். சனம் முழுக்க வந்திட்டுது."

"சனம் உங்கட பிள்ளையைப் பாக்கத்தானே வந்தது? பாக்கட்டும்."

"நான் அவளின்ர நன்மைக்குத்தான் செய்யிறன். போட்டோ காலத்துக்கும் நிக்கும். நாளைக்கு நாலு பேர் பாப்பினம்."

"படம் எண்டால் உள்ளது உள்ளபடி இருக்கவேணும் எண்டு இவ்வளவு நாளும் கத்தினது ஆர்? அந்தக் கற்பனை ஆளின்ர நிறத்தை மாத்தினதுக்குக் குடும்பத்தையே கூட்டினீங்கள். இது உங்கட உயிருள்ள பிள்ளை!"

என் குரல் மண்டபத்துக்குள் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். வாசலில் நின்ற உறவினர்கள் நிறைகுடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருமகள் எழுந்து சேலையைச் சரி செய்தாள். அரைவாசி முகம் அவளுடையது, அரைவாசி அலங்காரக்காரியுடையது. தகப்பனைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் தமிழில் கேட்டாள், வாசலில் நிற்கிற எல்லோருக்கும் விளங்கவேண்டும் என்று.

"அப்பா, நீங்கள் சின்னனில துவாய் கட்டிக்கொண்டு அந்த ஹீரோவா விளையாடினனீங்கள் எண்டு மாமி சொன்னவா. அப்ப நீங்கள் முகத்துக்கு மா பூசினனீங்களோ?"

அண்ணனின் முகம் ஒரு கணம் அந்தச் சேற்று நாளின் முகமாக மாறியது. நான் பார்த்தேன். மனம் இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் இறங்கவில்லை. "மேடைக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போனார். நான் மிச்ச முகத்தையும் துடைத்து முடித்தேன்.

அப்போது பாரிஸ் சித்தப்பா அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்தார். ஆளுயரப் படத்தை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார். "இஞ்ச நிக்கிறாள் எங்கட பிள்ளை!" என்று அவளைக் கட்டிக்கொண்டார். "ஆர் பிள்ளை உந்த வாசலில நிக்கிற வெள்ளைப் பெட்டை? கீழயும் நிண்டவள். அவளாலதான் நான் மாறிப்போனன்." அண்ணி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டா. மருமகள் தன் முகத்தோடு மேடைக்குப் போனாள். நான் ஆரத்தி எடுத்தேன். அன்று முழுக்க அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கும் அது சுகமாக இருந்தது.

நான் வென்றுவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆல்பத்தை மறந்துவிட்டேன்.

பனிக்காலம் தொடங்கியபோது அண்ணி போன் பண்ணி, ஆல்பம் வந்திருக்கிறது, வந்து பார்க்கச் சொன்னா. போனேன். வாசலில் நின்ற அந்த வெள்ளைப் பொம்மையை முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மருமகள் அந்த அறைக்குள் வருவதில்லையாம். என் குரல் கேட்டு வந்தாள். அண்ணன் சோபாவில் இருந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பாகத்திலும் அதே நடிகர்தானாம், விளங்காத சனங்கள் என்று எனக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

ஆல்பத்தைப் பிரித்தேன். பிள்ளை தன் முகத்தோடுதான் மேடையில் நின்றாள். அதற்குச் சபை முழுவதும் சாட்சி. ஆனால் படங்களில் ஒன்றில்கூட அது இல்லை. பக்கத்துக்குப் பக்கம் சுண்ணாம்பு. ஆரத்திப் படம் ஒரு முழுப் பக்கத்தில் பெரிதாக வந்திருந்தது. அண்ணன் சொன்னபடி அவளை வெளுத்தவர்கள் என்னைத் தொடவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு பெண், அவள் முன்னால் நெருப்பை ஏந்திக்கொண்டு கரிய நான். இத்தனை வருடம் கழித்தும் என் அண்ணன் எனக்கு அதே கள்ளன் வேஷத்தைத்தான் தந்திருந்தார். எனக்கு அந்த ஆல்பத்தைத் தூக்கி அவர் தலையில் போடவேண்டும் போல இருந்தது.

மருமகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் பெருவிரலை அந்த வெள்ளை முகத்தின் மேல் வைத்து மூடினாள்.

"மாமி, என்ர சாமத்திய வீட்டுக்கு நீங்கள் மட்டும்தான் வந்திருக்கிறீங்கள்," என்றாள். "என்னைக் காணேல்லை."

இதையும் அவள் தமிழில்தான் சொன்னாள். அண்ணன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.